அரை அங்குலச் சரிவு

தலவாக்கலையில் ஏசி எதற்கு என்று கேட்காதீர்கள்.
மனிதருக்கில்லை.
வங்கியின் காசு இயந்திரத்துக்கு.
ஜனவரியில் நாங்கள்
இரண்டு ஸ்வெட்டர் போட்டுப் படுக்கிறோம்.
அது கண்ணாடி அறைக்குள்
பதினெட்டுப் பாகையில் தனியாக நிற்கிறது.
வாசலில் காவலிருக்கும் பியரத்ன
குரங்குத் தொப்பிக்குள்ளிருந்து சொல்வார்:
"பாவம், அதுக்குச் சுடும்."

அந்த அறைக்கும் எங்கள் அறைக்கும்
ஒரே சுவர்.

முதலில் தேத்தண்ணி சிந்திய அளவு.
பிறகு சாம்பல். பிறகு கறுப்பு.
தொட்டால்
பூனைக்காது.

மழை என்றார் வீட்டுக்காரர்.
வெயில் அடித்த ஒன்பது நாளும்
சுவர் வியர்த்தது.
மறுபடி வந்தவர் ஆணி அடித்து
அதன்மேல் ஒரு கலண்டர் மாட்டினார்,
அதே வங்கியின் கலண்டர்.
பெப்ரவரியைத் திருப்பும்போது
பின்பக்கம் முழுக்க மயிர்.

துவாரகன் இருமினான்.
"வீட்டில பூஞ்சணம் இருக்கா?"
கடன் இருக்கா என்று டொக்டர் கேட்டதுபோல்
தலை குனிந்து சொன்னேன்:
கொஞ்சம்.

வங்கியில் முறைப்பாட்டுப் படிவம்
மூன்று மொழியிலும் இருந்தது.
சுவர் என்று எழுத
எந்த மொழியிலும் இடமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில்
கொரோனாவில் மிஞ்சிய முகக்கவசம் கட்டி,
வினாகிரியை விசிறி,
ஒரு மணித்தியாலம் காத்திருந்து,
லோகேந்திரனின் பழைய பெனியனால் துடைத்தேன்.
உலர்ந்தபடி சுரண்டக்கூடாது, தூள் பறக்கும்.
புதன்கிழமை அது திரும்பி வந்தது.
ஒழுக்கை விட்டுவிட்டுச் சுவரைத் துடைப்பது
சளிப்பிடித்த பிள்ளையின்
மூக்கைத் துடைப்பதுபோல.

கட்டிலுக்கடியில் சூட்கேஸ்.
அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தில்
யாரோ ஓர் அதிகாரியின் கையெழுத்தைத்தான்
முதலில் தின்றிருந்தது.
பெயரை விட்டுவைத்திருந்தது.
அடுப்பங்கரையில் இரண்டு நாள் காயப்போட்டேன்.
இப்போதும் அதில் வினாகிரி மணக்கும்,
அச்சாறு போத்தலுக்குள் இருந்து எடுத்ததுபோல.

பதினொரு மாதம்.
ஒரு சம்பள நாளில்
இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும்
ஒரு சொட்டு போனது.
வரிசை பஸ் தரிப்பிடம் வரை நீண்டது.
அன்று மத்தியானமே கண்டியிலிருந்து
ருவன் என்றொரு பொடியன்
ஏணியோடு வந்திறங்கினான்.

ஏசியின் முதுகில் மட்டக்கோலை வைத்தான்.
குமிழி எங்களை விட்டு விலகி
அந்தப் பக்கம் ஏறியது.
உயர்ந்த பக்கம் காற்றுக்கு,
தாழ்ந்த பக்கம் தண்ணீருக்கு.
"அரை அங்குலம்" என்று
இரண்டு விரலுக்கிடையில் காட்டினான்,
ஒரு சிட்டிகை உப்புக் கேட்பவன்போல.
ஆணியைக் கழற்றி, தூக்கி, இறுக்கினான்.
அடைத்திருந்த குழாயை வாயால் ஊதினான்.
பத்து நிமிடம்.
தேத்தண்ணி கொடுத்தேன், சீனி கூட என்றான்.

தண்ணீர் இப்போது வெளியே
பெயின்ட் வாளிக்குள் விழுகிறது.
நாளுக்கு மூன்று லீட்டர்.
காசைக் குளிர்வித்த தண்ணீரில்
நான் நிலம் துடைக்கிறேன்,
பியரத்ன சப்பாத்துக் கழுவுகிறார்.

காரை கொத்தி, சீமெந்து பூசி,
ஒரு மாதம் காயவிட்டு
வெள்ளை அடித்தோம். அதில் பாதிச் செலவு
இன்னும் வீட்டுக்காரரோடு பேச்சில் இருக்கிறது.
துவாரகன் இருமுவது குறைந்துவிட்டது,
நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன்.

இரவில் சுவருக்கு அந்தப்பக்கம்
இயந்திரம் யாருக்கோ நோட்டு எண்ணும்.
எழும்பிப் போய்
சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.
ஈரமா,
என் கைதான் குளிர்ந்திருக்கிறதா,
தெரியவில்லை.
மூக்கை வைக்கிறேன்.