பித்தளை உருளை

ஹூசாவிக்கில் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.
கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஒன்பது நாள்.
இலைரொட்டிக்கு மாவு பிசைந்தாயிற்று,
பால் சூடு இறங்குமுன் திரட்டிவிட வேண்டும்.
வட்டத்தின் அடியில் செய்தித்தாளை வைத்தால்
மீன் விலை படிக்க முடிய வேண்டும்,
அவ்வளவு மெல்லிசு.

போன மே மாதம் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டோம்.
எனக்கு வீடு, அவனுக்குப் படகு.
மகள் ப்ரின்யா வாரம் மாற்றி வாரம்.
இலை வெட்டும் பித்தளை உருளையை
யாரும் பட்டியலில் எழுதவில்லை.
அது அவன் பெட்டியோடு போய்விட்டது,
சாக்ஸுகளுக்கு நடுவே.

"கத்தியே போதும்" என்றேன்.
ப்ரின்யா கீறினாள்.
ஒரு கீற்றைத் தூக்கி அடுத்ததன்மேல் மடிக்கையில்
கிழிந்தது. அப்புறம் இன்னொன்று.
அடுப்பில் ஆட்டுக்கொழுப்பு உருகி
வாசம் கிளம்பியது.

கதவு தட்டும் சத்தம்.
தட்டிப் பழக்கமில்லாத கை, அதனால் பலமாக.
தாடியில் பனி, கையுறைக்குள் உருளை.
"கொடுத்துவிட்டுப் போகத்தான் வந்தேன்"
என்றான் ஈஸ்லேய்வுர்,
பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

பொரித்ததைச் சூட்டோடு பலகை வைத்து அழுத்த வேண்டும்,
இல்லையென்றால் சுருண்டுவிடும்.
பதினாறு வருடமும் அழுத்தியது அவன்தான்.
நான் பொரித்துப் போட்டேன், அவன் அழுத்தினான்.
எண்பத்திரண்டு ரொட்டி.
வார்த்தை பத்துகூட இருக்காது.

கிளம்பும்போது டின்னில் இருபது அடுக்கிக் கொடுத்தேன்.
எல்லாவற்றுக்கும் மேலே, ப்ரின்யா கிழித்தது.

உருளை இன்னும் மேசைமேல் கிடக்கிறது.
மறந்துவிட்டானா என்று
போன் போட்டுக் கேட்கவில்லை.