நாலாம் வார்டு

மார்கழிக்குள் முப்பத்தேழு பேர்
வாக்காளர் பட்டியலில் ஏறினார்கள்.
பூண்டு காயும் களத்தை ஒட்டி வீடுகள்,
கதவுக்குக் கதவு ஒரே வாசகம்:
'அரசே, கொஞ்சம் தள்ளி நில்.'

பெங்களூரிலிருந்து வந்த தாரிணி கேட்டாள்:
"வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை நடை நடந்தீங்க?"
பதினொன்று என்றேன். அது நிஜம்.
அதற்கப்புறம் அவளோடு
சண்டை பிடிக்க வாய் வரவில்லை.

வார்டு அவர்களுக்கு விழுந்தது.
கிராமசபையில் கையும் அவர்கள் பக்கமே உயர்ந்தது:
தண்ணீர் வரி இனி அவரவர் விருப்பம்.
குழாய் திறக்கிற எனக்குச் சம்பளம்?
"தனித்தனியா ஒப்பந்தம் போட்டுக்கலாம், செவனாண்டிண்ணே."
முப்பத்தேழு கையெழுத்து,
முப்பத்தேழு நேரம்.
வால்வு ஒன்றுதான்.

ஐப்பசியில் மண் சரிந்து
மெயின் குழாயைப் பிடுங்கிப் போன ராத்திரி,
கூக்கால் ரோட்டில் காட்டெருமை மறித்து நிற்க,
சுற்றிக்கொண்டு வந்தார்கள்
தாரிணியோடு மூன்று பேர், மண்வெட்டியும் டார்ச்சுமாய்.
முழங்கால் சேற்றில் நின்று சொன்னாள்:
"பாத்தீங்களா, யாரும் உத்தரவு போடல."

சரிதான்.
விடிந்ததும்
மீதி முப்பத்து நான்கு வீட்டிலும்
தண்ணீர் வந்தது.
அதை நான் சொல்லிக் காட்டவில்லை.
மணி ஆறு.
மூன்றாம் வார்டுக்குத் திறக்கணும்.