பதினான்குக்கு ஒன்று

சங்கக் கட்டடத்தை விற்றாகிவிட்டது.
வாங்கியவர் பல் மருத்துவர்.
வெள்ளிக்கிழமைக்குள் மாடியறை காலியாக வேண்டும்.
வேறு யாரும் கைதூக்காததால் செயலாளரான
சிக்னே ரவுதியோ
நாற்பத்தொரு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில்
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள்.
வெப்பமூட்டியை நேற்றே நிறுத்திவிட்டார்கள்.
ஜன்னலுக்கு வெளியே சுப்பீரியர் ஏரி
பாதி உறைந்து,
பாதி இன்னும் முடிவெடுக்காமல்.

பல்கலைக்கழக நூலகம் பன்னிரண்டு பெட்டி எடுத்துக்கொள்ளும்.
மிச்சத்துக்கு இடமில்லை என்று எழுதிவிட்டது.

முதல் பெட்டி, 1909.
கறுப்பு மசி பழுப்பேறிவிட்டது.
ஆரம்ப வருடங்களில் எல்லாம் சாப்பாடுதான்.
எத்தனை பேருக்கு மீன்,
சுருட்டுக்கு ஆன செலவு மூன்று டாலர் பத்து சென்ட்.
நடுவில் யாரோ ஒருவர்
குளிரில் கான்கிரீட் எப்படி இறுகும் என்று
ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்.
உறுப்பினர்கள் நன்றி தெரிவித்தனர்.
அடுத்த மாதமும் நன்றி தெரிவித்தனர்.
இவ்வளவு நன்றியுள்ள பொறியாளர்களை
அவள் எந்தத் தளத்திலும் பார்த்ததில்லை.

நவம்பர் 1926.
நகராட்சி கருத்துக் கேட்டிருக்கிறது:
தோல் பதனிடும் ஆலைக்குப் பின்னால் வரும் ஓடையைச்
சாலைக்கடியில் கடத்த ஒரு கல்வெர்ட்.
மேஸ்திரிகள் வாயில் கல்வெட்டாகிவிடும் அதே கல்வெர்ட்.
அகலம் எவ்வளவு?
ஆறடி என்று முன்மொழிந்தவர் ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்.
வழிமொழிந்தவர் கோர்மக் டீகன்.
ஒன்பதடி என்றவர் எய்னோ பெல்கோனென்,
ரயில்வேயில் நில அளவையாளர்.
பனி உருகும் நாளில் மழையும் சேர்ந்து பெய்தால்?
பக்கத்தில் சின்ன எழுத்தில்: சிரிப்பு.
பதினான்குக்கு ஒன்று.
தீர்மானம் நிறைவேறியது. காப்பி வழங்கப்பட்டது.

தண்ணீருக்கு யாரும் வழிமொழிய வேண்டியதில்லை.

1950 மே மாதம்.
அது ஊருக்கே தெரியும்.
ரொட்டிக் கடைச் சுவரில்
கதவுப்பிடிக்கு மேலே ஒரு கோடு,
வெள்ளையடிக்கும்போதெல்லாம் அதை மட்டும் விட்டுவிடுவார்கள்.
அந்த மாதக் குறிப்பேட்டைத் தேடி எடுக்கிறாள்.
ஒரே வரி:
"சாலை நிலைமை காரணமாகக் கூட்டம் நடைபெறவில்லை."

ஜூனில் பொருளாளர் அறிக்கை ஏற்கப்பட்டது.
ஜூலையில் படகு உலா.

பெல்கோனென் 1927க்குப் பிறகு சந்தா கட்டவில்லை.
பதிவேட்டில் அவர் பெயர் மேல் சிவப்புக் கோடு,
அளவுகோல் வைத்து நேராக அடித்தது.

பதினேழாம் பெட்டிக்குப் பெயரில்லை.
விருந்து ரசீதுகளுக்கு அடியில்
நான்காக மடித்த நீலம் போன துணி வரைபடம்.
விரித்தால் குறுக்குவெட்டு, ஒன்பதடி,
வளைவின் ஒவ்வொரு கல்லுக்கும் எண்.
ஓரத்தில் எ.பெ.
பின்பக்கம் வேறு கை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும்,
காலையிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறாள்,
ஆறடி என்று எழுதிய அதே சாய்வு.
"தூக்கி எறிய வேண்டாம். ஹா.ஸ்."

தேதி இல்லை.

வெள்ளத்துக்கு முன்பா, பின்பா?
கூட்டம் முடிந்த இரவே
மனசு உறுத்தி எடுத்து வைத்தாரா,
இல்லை, சேற்றைக் கழுவிவிட்டு வந்து
எங்கோ தேடிக் கண்டெடுத்தாரா?
இரண்டுக்கும் நடுவே இருபத்து மூன்று வருடமும்
ரொட்டிக் கடைக்காரரின் மகனும் இருக்கிறார்கள்.
தேதியில்லாத கையெழுத்தோடு வரும் எந்த வரைபடத்தையும்
அவள் அன்றைக்கே திருப்பி அனுப்பிவிடுவாள்.
இதை யாருக்குத் திருப்பி அனுப்புவது?

நூலகப் படிவத்தில்
பொருள் என்ற கட்டத்தில் "இதர" என்று எழுதி, அடித்து,
"கல்வெர்ட், கட்டப்படாதது" என்று எழுதுகிறாள்.
ஆண்டு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது.

கீழே கதவு திறக்கும் சத்தம்.
பல் மருத்துவர், கையில் அளவு நாடா.
நாற்காலி எந்தப் பக்கம் போடலாம் என்று பார்க்க வந்தாராம்.
இந்த முனையைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா?
பிடிக்கிறாள்.
ஒன்பதடி இருக்குமே, என்கிறார் அவர்.
எட்டு அடி பத்து அங்குலம், என்கிறாள்.
அவர் உள்ளங்கையில் குறித்துக்கொள்கிறார்.
"தேதியும் போடுங்கள்."