ஏழு மீட்டர்

பல் செய்வது என் தொழில்.
தார்த்து நகரில், மூன்றாம் மாடியில்,
யார் வாய்க்கோ பொருந்தவேண்டிய கடைவாய்ப்பல்லை
மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு
தேய்த்துத் தேய்த்து இறக்குவேன்.
சனிக்கிழமை
அதே பத்தில் ஒரு பங்கு
தூண்டில் நரம்பாகிவிடும்.
உறைந்த பெய்ப்சி ஏரியின் மேல்
முக்காலி போட்டு உட்கார்ந்து
அதன் நுனியில்
அரிசிமணி அளவு டங்ஸ்டன் குண்டைக் கட்டுகிறேன்,
கையுறை இல்லாமல்,
மூன்றாவது முயற்சியில்.

இன்று பனி முப்பத்திரண்டு சென்டிமீட்டர்.
மேலே பத்து வெள்ளை, அது கணக்கில் சேராது.
கீழே கறுப்பு, நம்பலாம்.
சொன்னவர் கராகாத் ஓட்டும் இக்னாத்தி.
லாரி டியூப்கள் நான்கின் மேல்
பழைய மோட்டார் ஒன்றையும்
பேருந்து இருக்கை ஒன்றையும் ஏற்றி
அவரே பூட்டிய வண்டி.
ஆளுக்கு ஐந்து யூரோ, திரும்பக் கூட்டிவருவதும் சேர்த்து.
"மேல்காற்று எழுந்தால் ஹாரன் அடிப்பேன்.
மீன் கடிக்கிறதா என்று கேட்கமாட்டேன்."

துளைப்பானின் அலகு
போன வாரம் மணலைக் கடித்தது.
பாதிவரை வெண்ணெய்யாக இறங்கி
அப்புறம் நின்ற இடத்திலேயே சுற்றியது.
தோள் போனது.
கோலின் வளையங்களில் பனி அடைத்தது;
வாயில் வைத்து உறிஞ்சிக் கரைத்தேன்.
சிவப்புப் புழுக்கள் மட்டும்
என் உள்சட்டைப் பையில்
என்னைவிடச் சூடாக இருந்தன.

சோனார் புதிது.
நானூற்று இருபது யூரோ.
தாவெட்டிடம் பாதி விலை சொல்லியிருக்கிறேன்.
திரையில் அடித்தரை தடித்த சிவப்பு,
என் இரை மெல்லிய பச்சைக் கோடு.
ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து இன்னொரு கோடு எழும்பும்.
இரைக்குக் கீழே வந்து நிற்கும்.
நிற்கும்.
விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்போல்
மெதுவாக இறங்கிப் போகும்.

முன்பெல்லாம் மீனே இல்லை என்று நினைத்து
நிம்மதியாக விறைத்திருப்பேன்.
இப்போது
மீன் இருக்கிறது,
வந்தது, பார்த்தது,
வேண்டாம் என்றது,
அத்தனையும் வண்ணத்தில்.

இருபதடி தள்ளி வீவே.
வாரநாளில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
அவளிடம் திரை கிடையாது.
கோல் நுனியில் ஒரு பன்றிமயிர்.
அது தலையாட்டினால் இழுக்கிறாள்,
அவ்வளவுதான்.
பக்கத்தில் அஹ்வென் மீன்கள்
பச்சை வரியும் சிவப்புத் துடுப்புமாக
துள்ளிய வடிவிலேயே உறைந்து கிடக்கின்றன.
எண்ணக்கூடாது என்றிருந்தேன்.
இருபத்தாறு.

ஒரு மணிக்கு மேல்
என் துளைக்கும் வந்தார்கள்.
என்ன மாறியதென்று தெரியாது.
அதே குண்டு, அதே புழு, அதே நான்.
ஒன்று. உடனே இன்னொன்று.
விரல் மரத்துப்போய்
முள்ளை மீனின் வாயிலிருந்து எடுக்கிறேனா
என் கையிலிருந்தா என்று தெரியவில்லை.
பதினொன்றாவது மீனுக்கு
ஹாரன்.
கேட்காததுபோல் இருந்தேன்.
பன்னிரண்டாவதற்கு
நீளமாக ஒரு ஹாரன்.
வீவே ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

காலையில் வண்டியிலேயே
தாண்டிவந்த விரிசல்
இப்போது ஒரு கட்டில் அகலம்.
உள்ளே கறுப்புத் தண்ணீர் ஆவிவிட்டது.
இக்னாத்தி இரண்டு பலகை போட்டிருந்தார்.
முதலில் ஆட்கள் என்றார்.
நான் முதலில் சாமான்கள் என்றேன்.
கோல் போனது, வாளி போனது,
துளைப்பான் போனது.
சோனாரை நீட்டினேன்,
இக்னாத்தியின் கைக்கும் என் கைக்கும் நடுவே
பத்தில் ஒரு பங்கு.

அணைக்க மறந்திருந்தேன்.
நீர் புகாது என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை.
பச்சையும் சிவப்புமாக
எரிந்துகொண்டே இறங்கியது.
மூன்று பேரும் குனிந்து பார்த்தோம்,
பலகையில் நிற்கிறோம் என்பதையே மறந்து.
"நேரிலேயே போய்ப் பார்க்கட்டும்" என்றார் இக்னாத்தி.

வீட்டில் செதில் எடுக்கும்போது சொன்னேன்.
தாவெட்டுக்கு நஷ்டம் இருநூற்றுப் பத்து,
எனக்கு நானூற்று இருபது.
வித்தியாசத்தைத் தனியே சுமந்துகொண்டு
வெண்ணெய்யில் மீனைப் புரட்டினேன்.

பேட்டரி எட்டு மணிநேரம் வரும்.
குளிரில் ஆறு.
தட்டைக் கழுவும்போது கணக்குப் போட்டேன்.
இன்னும் கொஞ்சநேரம் இருக்கிறது.

வீவேயிடம்
இரண்டு பன்றிமயிர் கேட்டிருக்கிறேன்.