ஜூலை மாதத்துப் பனி

லோம் நகரத்துக்கு ப்ருசார்ட்சியில் வண்டி மாற வேண்டும்.
இரண்டாவது வண்டியில் ஜன்னல் மூடாது.
மடியில் என் நோட்டுப் புத்தகம்:
படத்தின் நூற்றுப் பன்னிரண்டு ஷாட்களையும்
பென்சிலில் கட்டம் கட்டி வரைந்திருக்கிறேன்.
வெளியான வாரமே பெட்டிக்குத் திரும்பிய படம்.
இருபது வருஷம் கழித்து
சோபியாவின் நள்ளிரவுக் காட்சி ஒன்றில்
தூக்கம் வராத ஏழு பேர் கண்டெடுத்தோம்.
அதில் நான் ஒரு ஆள்.

ஒரு பெண் மருந்துக் கடையிலிருந்து வெளியே வருகிறாள்.
பனி கொட்டுகிறது.
காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு
இடப்பக்கம் திரும்புகிறாள்.
எதிரே டான்யூப்.
அவ்வளவுதான்.
அந்தப் பதினோரு விநாடிக்காக லீவு போட்டேன்.

மருந்துக் கடையில் இப்போது
தூண்டில் முள்ளும் புழுவும் விற்கிறார்கள்.
படிகள் மூன்று. படத்திலும் மூன்று.
கடைசிப் படியின் உடைந்த முனையைக்
குனிந்து தொட்டுப் பார்த்தேன்.
புழு வாங்க வந்தவர் விலகி நின்று வழிவிட்டார்.

அவளைப் போலவே இறங்கினேன்.
ஆகஸ்ட் கடைசி, முப்பத்தாறு டிகிரி வெயிலில்
அவளைப் போலவே காலரைத் தூக்கிவிட்டேன்.
இடப்பக்கம் திரும்பினேன்.

சுவர்.

ஆறு வலப்பக்கம். அதுவும் தண்டவாளத்தைத் தாண்டி
இருபது நிமிஷம் நடக்க வேண்டும்.
நான் என்னைப் பார்த்துச் சிரிப்பதற்குள்
மாடியிலிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள்.
"எல்லோரும் அங்கேதான் திரும்புகிறார்கள்.
போன மாதம் ஒரு ஜப்பான்காரர்
சுவரில் முட்டிக்கொள்ளாத குறை."

பெயர் இஸ்க்ரா. வாட்டிய குடமிளகாயைத்
தோலுரித்துக்கொண்டிருந்தாள்,
முழங்கை வரை சிவப்பு.
"பனியா? ஜூலை மாதம் அது!
மூன்று லாரி சோப்புச் செதில்.
தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறித் தூவினார்கள்.
எங்களுக்குக் கம்பளிக் கோட்டு.
எனக்கு ஒன்பது வயசு,
ரொட்டியோடு குறுக்கே ஓட வேண்டும்.
பதினான்கு தடவை ஓடினேன்."

"எழுபத்தொன்றாவது ஷாட்," என்றேன்.
"முதுகு மட்டும் தெரியும்."

"முதுகா?" கத்தியைக் கீழே வைத்தாள்.
படம் ஊருக்கு வந்த நாலு நாளும்
அவளுக்கு அம்மை போட்டிருந்ததாம்.
அதற்கப்புறம் யாருக்கு நேரம்.

"அவர்கள் மூட்டை கட்டிப் போன அன்றிரவுதான் மழை.
தெரு முழுக்க நுரை.
அப்பா கதவைத் திறந்தார்,
அது உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.
கோழிகள் ஒரு வாரம் தும்மின.
பெண்கள் வீட்டிலிருந்த கம்பளங்களையெல்லாம் இழுத்துவந்து
நடுத்தெருவில் மிதித்துத் துவைத்தார்கள்.
ஸ்பாஸின் கழுதை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி
அதற்குள்ளேயே நடந்து போனது.
காது இரண்டும்தான் வெளியே தெரிந்தது."

"ஐயோ, அதை எடுக்கவில்லையா?"

"யார் எடுப்பது? கேமராதான் போய்விட்டதே."

செல்போனில் அந்தப் பதினோரு விநாடியைப் போட்டுக் காட்டினேன்.
தன்னைத் தேடுவாள் என்று நினைத்தேன்.
விரலால் திரையின் மேல் மூலையைத் தொட்டாள்,
மிளகாய்த் தோல் ஒன்று ஒட்டிக்கொண்டது.
"எங்கள் ஜன்னல். பார்,
பூந்தொட்டியை உள்ளே எடுத்து வை என்று
எத்தனை தடவை சொல்லிவிட்டுப் போனார்கள்,
அம்மா எடுக்கவே இல்லை."

கொட்டும் பனியில்
ஜெரானியம் பூத்திருந்தது.
நாற்பத்தொரு முறை பார்த்தவன் நான்.

"மறுபடி போடு," என்றாள்.
போட்டேன்.
"மறுபடி."
ஐந்தாவது முறை சார்ஜ் தீர்ந்தது.
ஒரு பாட்டில் மிளகாயைக் கையில் திணித்து
மூடி இறுக்கமில்லை, நிமிர்த்திப் பிடி என்றாள்.

அப்புறம் ஆற்றுக்குப் போனேன்,
வலப்பக்கமாக, தண்டவாளத்தைத் தாண்டி.
அவள் ஒரே வெட்டில் வந்து சேர்ந்த இடத்துக்கு
கொசுவை அடித்துக்கொண்டு நடந்தேன்.
எதிர்க்கரையில் ருமேனியா.
அங்கே யாரோ ஒரு நாயைக் கூப்பிட்டார்கள்,
அது வரவில்லை போல,
கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ரயிலுக்கு இன்னும் நேரமிருந்தது.
நோட்டைத் திறந்து
நூற்றுப் பதிமூன்றாவது கட்டம் ஒன்று போட்டேன்.
அதை வெள்ளையாகவே விட்டு
நடுவில் மட்டும்
இரண்டு காது வரைந்தேன்.