ஒப்புநோக்கல்

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால் ஓர் அச்சகம்.
செத்தவர்களின் எழுத்துப்பிழை பார்ப்பது
என் வேலை.

தொண்ணூற்றேழு ஆவணியிலிருந்து
இரண்டாயிரம் மாசி வரைக்கும் நாலு பெண்கள்.
ஏழாலையில் ஜெயவதனி. மல்லாகத்தில் புனிதமலர்.
இணுவிலில் கனகேஸ்வரி.
கடைசியாய்ப் புன்னாலைக்கட்டுவனில்
பேர் சொல்ல இன்னும் நாக்கூசும் ஒருத்தி,
என்னோடு எட்டாம் வகுப்புவரை படித்தவள்.

நாலும் கிணறு.
நாலிலும் துலாக்கயிற்றை அறுத்து
ஒழுங்காய்ச் சுருட்டிக்
கிணற்றுக்கட்டில் வைத்திருந்தது.

ஊரடங்கு நேரத்துச் சாவு.
"அவங்கள்" என்றார்கள் சிலர், குரலைத் தாழ்த்தி.
"மற்றவங்கள்" என்றார்கள் சிலர், இன்னும் தாழ்த்தி.
மூன்றாவதாய் ஒருவன்
துவக்கில்லாமல், சீருடையில்லாமல்,
சைக்கிளுக்கு டைனமோகூடப் போடாமல்
வந்துபோயிருக்கலாமோ என்று கேட்க
ஆருக்கு நேரம்?
கொலைக்குக் காரணம் தேவைப்படாத காலம்.
அதற்குள் ஒருவன் நன்றாக ஒளியலாம்.

பத்தொன்பது வருடம் கழித்து ஒரு மழைநாள்.
கரண்ட் இல்லை, வேலை இல்லை.
பழைய மரண அறிவித்தல் கட்டை அவிழ்த்தேன்,
கறையான் மிச்சம் விட்டதை.
சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு கீறினேன்:
திகதி, கிணற்றின் ஆழம், நிலவா இருட்டா,
நாய் குரைத்ததா.
ஜெயவதனியின் தமக்கையைத் தேடிப்போய்க் கேட்டேன்.
புனிதமலர் வீட்டில் இப்போது வேறு ஆட்கள்;
கிணற்றைத் தூர்த்து வாழை வைத்திருக்கிறார்கள்.
நல்ல குலை.
நாலு பேரின் குடும்ப அட்டையிலும்
ஒரே ஒரு பெயர்.
இதைக் கண்டுபிடிக்க ஏழு மாதம்.

அதற்குப் பிறகுதான் அந்த வரி ஞாபகம் வந்தது.
"பிரிவால் துயருறும் அயலவர்."
கையெழுத்துத் தாளில் அது
"பிறிவால் துயருரும்" என்று வந்தது.
ஒரு பிழையென்றால் ஊரில் பாதிப்பேர் விடுவது.
ரகரமும் றகரமும் ஒரே வரியில்
கதிரை மாறி இருந்து நான் கண்டது
அந்த நாலு தாளில் மட்டும்.
கொண்டுவந்தது ஆர்?
ஒவ்வொரு தரமும் ஒரு சின்னப் பெடியன்,
வேறு வேறு பெடியன்.

நாலு தரமும் நான் திருத்தினேன்.
சிவப்பு மையால் வெட்டி
விளிம்பில் சரியாய் எழுதிக் கொடுத்து,
அச்சானதும் தாளைக் கசக்கி அடுப்புக்குப் போட்டேன்.
அச்சில் இருப்பது என் தமிழ்.
அவன் கைரேகையைச்
சம்பளம் வாங்கிக்கொண்டு துடைத்தவள் நான்.

பொலிசில் போய்ச் சொன்னேன்.
முறைப்பாடு எழுதிய பெடியன் நல்லவன்.
பேனையை நிறுத்தி,
"அம்மா, சிங்களத்தில் ரெண்டுக்கும் ஒரே எழுத்து.
இதை எப்பிடி எழுதுறது?" என்றான்.
பிறகு என்னவோ எழுதினான்.
கையெழுத்து வைத்தேன்.

போன கிழமை குலவீரசிங்கம் வந்தார்,
சங்கக்கடையில் மனேச்சராய் இருந்தவர்.
மனைவி மங்கையற்கரசியின் அந்தியேட்டிக் கல்வெட்டு,
முந்நூறு பிரதி.
அந்த நாளில் ஊருக்கே அட்டை பதிந்தவர்.
ஆளில்லாத சாவீட்டுக்கு
அறிவித்தல் எழுதிக்கொடுக்கிற புண்ணியவான்
என்று வாசலில் நின்ற ஆரோ சொன்னார்கள்.
பொறுமையான சாய்வெழுத்து.
மூன்றாம் பக்கத்தில்:
பிறிவால் துயருரும் கணவர்.

எழுதிக்கொடுத்தவர் மட்டுமாயும் இருக்கலாம்.
பிழையாய் எழுதுகிறவனெல்லாம்
கயிறு அறுக்கிறவன் இல்லை.
சிவப்புப் பேனை மூடி கழன்றபடி
மேசையில் கிடந்தது, முனை காயுமட்டும்.

திருத்தவில்லை.
முந்நூறிலும் அப்படியே விட்டேன்.
முதலாளி இன்னும் பார்க்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் எடுக்க வந்தார்.
ஒன்றை விரித்து, விரல் வைத்து வாசித்து,
அந்த வரியில் கொஞ்சம் நின்று,
"ஒரு பிழையும் இல்லை, பிள்ளை" என்றார்.
பிறகு, ஊரில் எவரும் எவரையும் கேட்கிற மாதிரித்தான்,
"நீர் இப்பவும் தனியத்தானே?"

மிச்சக்காசை எண்ணிக் கொடுத்தேன்.
இரவு கணக்குப் பார்க்க
இருபது ரூபா கூடப் போயிருக்கிறது.