பதினான்காம் எண்

முதலில் ஒரே கொட்டகை.
விமானத்தின் மூக்கை உள்ளே இழுத்தால்
வால் வெளியே நனையும்.
தார்ப்பாய் கட்டி வாலுக்குக் குடை பிடிப்போம்.
சிலேத்தாரில் மழை எப்போதும் குறுக்கேதான் பெய்யும்.

கருவி அறை என்னுடையது.
பலகையில் ஒவ்வொரு கருவிக்கும்
அதன் வடிவிலேயே கறுப்பு நிழல்.
மாலையில் ஒரு நிழலும் வெளியே தெரியக் கூடாது.
தெரிந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

தொண்ணூற்றொன்பது. தீபாவளிக்கு முந்தின வாரம்.
பதினான்காம் எண் ஸ்பானரின் நிழல் தெரிந்தது.
எடுத்தவன் இன்பசேகரன்.
மூன்று நாள் தேடினோம்.
இறக்கையின் வயிற்றைத் திறந்து
ஹஸ்னா தலைகீழாய்த் தொங்கி டார்ச் அடித்தாள்.
தரைப்பலகை, குப்பைத்தொட்டி,
கடைசியில் அவனுடைய சோற்று டப்பா.
திறக்கச் சொன்னது நான்தான்.
எலுமிச்சைச் சாதம். நொறுங்கிய அப்பளம்.

நான்காம் நாள் ‘காணவில்லை’ என்று எழுதி
மூன்று பேர் கையெழுத்துப் போட்டு
விமானத்தை அனுப்பிவிட்டார்கள்.
அடுத்த மாதம் அவனும் போனான்.

பிறகு வளர்ந்தது.
இரண்டாம் கொட்டகை, மூன்றாவது,
நான்காவதற்குக் கூரை போடும்போது
பேருந்து நிறுத்தத்தையே தள்ளி வைத்தார்கள்.
பழுது பார்த்த இடத்தில் இப்போது பிறப்பே நடக்கிறது:
துண்டு துண்டாய்க் கப்பலில் வரும் உடல்
முழுதாய் எழுந்து
தன் காலால் ஓடுபாதைக்குப் போகிறது.
என் பலகையைக் கழற்றிவிட்டார்கள்.
இரும்பு அலமாரி தானே எண்ணிக்கொள்கிறது,
என்னிடமே விரல் ரேகை கேட்கிறது.
மேடை போட்டுக் கேக் வெட்டினார்கள்.
எனக்கும் ஒரு துண்டு.

யாரிடமும் சொன்னதில்லை,
வானத்தில் சத்தம் கேட்கும்போதெல்லாம்
என் வயிற்றில் ஒரு ஸ்பானர் புரளும்.

நேற்று
ஐந்தாம் கொட்டகைக்காக முதல் கொட்டகையின் சுவரை இடித்தார்கள்.
அடியில் மூடிக்கிடந்த வடிகாலிலிருந்து
எதையோ எடுத்து, கையுறையில் துடைத்து,
ரஃபிகுல் நீட்டினான்: “அக்கா, உங்க சாமானா?”
துருவுக்கு அடியில்
ஒன்று. நான்கு.

விமானத்துக்குள் அது ஏறவே இல்லை.
வாசல்வரை கூடப் போகவில்லை.

அலமாரியிடம் கொடுத்தேன். சிவப்பு விளக்கு.
அது பிறக்கும் முன்பே தொலைந்த பொருள்,
அதற்கு எப்படித் தெரியும்.

பழைய பேரேட்டில்
இன்பசேகரனின் வீட்டுத் தொலைபேசி எண்,
ஏழே இலக்கம்.
அன்றைக்கு இந்தத் தீவுக்கு ஏழு போதுமாயிருந்தது.
முன்னால் ஓர் ஆறு சேர்த்து அழுத்தினேன்.

மணி அடிக்கிறது.
ஸ்பானரிலிருந்து தொடங்குவதா
சோற்று டப்பாவிலிருந்தா